நின்றபடியே நடந்த கூட்டம்

கொசுவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் சலூன்காரர். பேச்சு வந்த நாளிலிருந்து ஒரு கேள்வியைப் பிடித்தாளானால் பதில் வருகிறவரை காதோரமே சுற்றிக்கொண்டிருப்பாள். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கமாக வருவாள். "இது பிள்ளை இல்லக்கா, கொசு" என்று ஒருநாள் அவர் அலுத்துக்கொண்டார். அதோடு, பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்தக் கொசுவுக்குத்தான் நாட்டிலேயே பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. சும்மா ஒரு பல்கலைக்கழகம் இல்லை. மந்திரிகளும் நீதிபதிகளும், நல்ல நல்ல வங்கிகளை மூழ்கடித்தவர்களும் படித்துவிட்டு வந்த இடம். படிக்கப்போவது பொருளாதாரம். சேதி கேட்டதும் சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரின் தலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். "வீட்ல ஒரு பொருள் கிடையாது, பொண்ணு பொருளாதாரம் படிக்கப் போறா. சபாஷ்!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒட்டியிருந்த முடி கண்ணில் பட்டதால் இன்னும் கொஞ்ச நேரம் துடைக்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்துக்குத் தாராள மனசு. படிப்புக் கட்டணத்தை முழுசாகத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆனால் படிக்கிற பிள்ளை எங்கேயாவது படுக்க வேண்டும், எதையாவது சாப்பிட வேண்டும். அதற்கு விடுதிப் பணம் என்று ஒரு தொகை. அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்த்து வாங்குகிற சம்பளத்தில் இரண்டு வருடத்துப் பணம் அது, அதுவும் வீட்டில் யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால். விடுதிப் பணத்துக்கும் உதவி உண்டாம். அந்த உதவி விடுதியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தானாம். சேர வேண்டுமென்றால் முதலில் பணம் கட்ட வேண்டுமாம்.

கொசு ஃபோன் போட்டுக் கேட்டாள்.

"பணம் இல்லாதவங்களுக்குன்னு வெச்சிருக்கிற உதவியை வாங்க, முதல்ல பணம் கட்டணுமா சார்?"

"ஆமாம்மா. அதான் நடைமுறை."

"கட்டுற அளவுக்குப் பணம் இருந்தா எனக்கு உதவி எதுக்கு சார்?"

"நல்ல கேள்விம்மா. சேர்ந்ததுக்கு அப்புறம் கேளு" என்றது மறுமுனை.

இப்படியாகத்தான் அறக்கட்டளை உள்ளே வந்தது. ஏழை மாணவர்களை மேலே தூக்கிவிடுவதற்கென்றே பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற அமைப்பு. கொசு எழுதிப் போட்டாள், நேர்காணலுக்குப் போனாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியாக ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழு வீட்டைப் பார்க்க வரும். பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டக் கடைசி நாள் திங்கட்கிழமை. அது தாண்டினால் அந்த இடம் வேறு யாருக்கோ.

"வெள்ளிக்கிழமை வீட்டைப் பார்க்க வர்றாங்கம்மா" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவைத்தாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பொருளாதாரம் படிக்கப்போகிறவள் செய்த முதல் கணக்குப் பிழை அதுதான்.

வெள்ளிக்கிழமை, தான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சலூனை ஒட்டிய சந்து வழியாக உள்ளே போனால் அவர்களுடைய ஒற்றை அறை. சலூனுக்குப் பின்சுவரும் அவர்களுக்கு முன்சுவரும் ஒன்றே. வாசலில் அப்பா யூனிஃபார்மில் விறைப்பாக நின்றிருந்தார். அவர் ஒரு அலுவலகக் கட்டடத்தில் வாட்ச்மேன். அவளைப் பார்த்ததும் சடாரென்று ஒரு சல்யூட் அடித்தார்.

"அப்பா, நான்தான்."

"செருப்புச் சத்தம் கேட்டுச்சா, கை தானாப் போயிடுச்சும்மா."

உள்ளே எட்டிப் பார்த்த கொசு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தாள். சுவர் ஓரமாக ஒரு சோபா. மூலையில் ஆள் உயரத்துக்கு ஃபிரிட்ஜ். ஈரம் பூத்த சுவரை முழுக்க மறைத்து, தரை வரைக்கும் புரளுகிற சிவப்புத் திரை. ஒரு மேஜை, மேஜைமேல் கண்ணாடிக் குவளையில் பிளாஸ்டிக் பூ, பக்கத்தில் பீங்கான் கோப்பைகள். எல்லாவற்றுக்கும் நடுவில், பூப்போட்ட துணி போர்த்தி, சிம்மாசனம் மாதிரி ஒன்று.

"இதெல்லாம் என்னம்மா?"

"சோபாவும் மேஜையும் ஃபிரிட்ஜும் பழைய சாமான் கடைப் பெரியப்பா குடுத்தாரு. ஃபிரிட்ஜ் ஓடாது, திறந்தா உள்ள லைட் மட்டும் எரியும். திரை டெய்லர் அத்தையோடது, யாரோ தைக்கக் குடுத்தது, அழுக்காக்கிடாத." அம்மா கோப்பைகளை ஊதி ஊதித் துடைத்தாள்.

"நடுவில இருக்கிறது?"

"சலூன் நாற்காலி. உன் மாமா நல்ல நாற்காலியா பார்த்துக் குடுத்திருக்கான்."

கொசு தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, அவங்க எதுக்கு வர்றாங்க தெரியுமா? நாம ஏழையான்னு பார்க்க வர்றாங்க!"

"பார்க்கட்டுமே. ஏழைன்னா வந்தவங்களை நிக்க வெச்சே பேசி அனுப்பணுமா? ஓட்டல்ல யாரோ பேர் தெரியாதவன் வந்து படுக்கிறதுக்கு ஒரு சுருக்கம் இல்லாம விரிப்பு தேய்க்கிறேன். என் பொண்ணுக்காக வர்றவங்க வெறும் தரையில உக்காருவாங்களா? என் மானம் என்ன ஆகுறது?"

"மானத்துக்கு விடுதிப் பணம் கட்ட முடியாதும்மா. சீக்கிரம், எல்லாத்தையும் எடுத்து..."

வாசலில் அப்பாவின் பூட்ஸ் டக்கென்று சேர்ந்த சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள்.

மூன்று பேர். முன்னால் தலைவர். வயிறு ஒரு அடி முன்னே வந்து வழிகாட்ட, அவர் பின்னே வந்தார். அடுத்தது செயலாளர் அம்மையார். அறக்கட்டளையின் ஆண்டு மலருக்குப் படம் எடுக்கும் பொறுப்பும் அவருடையது என்பதால் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார். மூன்றாவது பொருளாளர். அவர் எதற்கும் கருத்துச் சொல்வதில்லை. பிஸ்கட் தட்டைக் கண்டதும் அதன் அருகில் போய்ச் சோபாவில் அமர்ந்தார். அப்பா கதவைத் திறந்துவிட்டு, கதவோடு கதவாக ஒட்டி நின்றுகொண்டார். சொந்த வீட்டிலும் அவருக்கு டூட்டிதான்.

தலைவரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தாள் அம்மா. கழுத்துக்குப் பின்னால் தாங்கு, காலுக்குக் கீழே பலகை. இவ்வளவு சௌகரியமான நாற்காலியில் தாம் உட்கார்ந்ததே இல்லை என்பதுபோல அவர் முகம் மலர்ந்தது.

"இப்படி ஒரு வீட்டை எதிர்பார்க்கலை" என்றார்.

அம்மாவுக்குப் பூரிப்பு. "உங்க ஆசீர்வாதங்க."

"குடிக்கக் கொஞ்சம் ஐஸ் தண்ணி கிடைக்குமா?" என்று அம்மையார் ஃபிரிட்ஜைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா அசரவில்லை. "அது தொண்டைக்கு ஆகாதுங்கம்மா. நாங்க யாருமே அதுல தண்ணி வெக்கிறதில்ல. டீ சாப்பிடுங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லாமல் திரும்புவதில்லை.

"நானும் உன்னை மாதிரிதாம்மா. கீழேருந்து மேல வந்தவன்."

அவர் அதைச் சொல்லும்போதே நாற்காலி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. சலூன் நாற்காலிக்கு அடியில் காலால் மிதித்து உயர்த்துகிற பம்பு உண்டு. அந்தப் பம்பில் ரொம்ப நாளாகக் கசிவு. மெலிந்தவர்கள் உட்கார்ந்தால் தெரியாது.

"தெருவிளக்குலதான் படிச்சேன்" என்றார். உண்மைதான். தெருவே அவருடைய அப்பாவுடையது என்பதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. "ஒவ்வொரு படியா ஏறினேன்." நாற்காலி இன்னும் கொஞ்சம் இறங்கியது. "முதல்ல உதவி மேலாளர். அப்புறம் மேலாளர். அப்புறம் இயக்குநர்." பதவி உயர உயர அவருடைய முட்டி மேலே வந்தது. முகம் கீழே போனது. கடைசியில் அவர் அறக்கட்டளைத் தலைவர் ஆனபோது மோவாய் மேஜை மட்டத்துக்கு வந்து, பிளாஸ்டிக் பூவுக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டிருந்தார். பிரமுகர்களுக்கு நடுவில் குனியப் பழகியிருந்த அம்மையாரும் பொருளாளரும் மரியாதையாகத் தாங்களும் குனிந்துகொண்டார்கள்.

கொசுவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த வாக்கியம் அதை அப்படியே அடைத்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா. வசதியா, கௌரவமா இருக்கீங்க. நாங்க தேடுறது நிஜமாவே கஷ்டப்படுறவங்களை. உங்களுக்கு எங்க உதவி தேவைப்படாது."

"படம் எடுக்கவே ஒண்ணும் இல்லை தலைவரே" என்றார் அம்மையார் வருத்தத்தோடு. "சுவர்ல ஒரு விரிசல்கூடக் கண்ணுல படலை."

வசதி, கௌரவம் என்ற வார்த்தைகளுக்கு அம்மாவின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகுதான் உறைத்தது. கையிலிருந்த டீத்தட்டை மேஜைமேல் வைத்தாள். ஆனாலும் மகளைப் பார்த்த பார்வையில் மட்டும் மாற்றமில்லை. 'வாயைத் திறந்தே, தோலை உரிச்சுடுவேன்' என்றது அந்தப் பார்வை.

கொசு அம்மாவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அந்தத் திரைக்குப் பின்னால் அவள் பென்சிலால் கணக்குப் போட்டுப் போட்டு நிரப்பிய சுவர் இருந்தது. நோட்டுக்குக் காசு வேண்டும், சுவர் சும்மா கிடைத்தது. நாலு வருடம் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டி வாங்கிய இடம். ஒரு சோபாவுக்காக அதை விடுவதா? திங்கட்கிழமை இன்னொரு தடவை வராது. அம்மாவின் கோபம் வரும், இருந்துவிட்டுப் போகும்.

அவள் தலைவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்க வர்றீங்கன்னு எங்கம்மா உங்களுக்கு ஒரு மரியாதை செஞ்சாங்க. அது முடிஞ்சது. இப்ப சாமானையெல்லாம் திருப்பிக் குடுக்கணும். கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

"திருப்பியா?"

"இந்த நாற்காலி பக்கத்து சலூனோடது. அங்க ஒருத்தர் மூஞ்சில நுரையோட காத்துட்டு இருக்காரு."

அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததுபோலச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சலூன்காரரின் குரல் வந்தது. "கொசு! இன்னும் எவ்வளவு நேரம்? நுரை காஞ்சுடுச்சுடி, அவரு சிரிச்சா உதிருது!"

தலைவர் எழுந்திருக்கப் பார்த்தார். இறங்கின நாற்காலியிலிருந்து எழுவது குளத்திலிருந்து கரையேறுவது மாதிரி. அப்பா ஒரு கையையும் பொருளாளர் ஒரு கையையும் பிடித்து இழுத்த பிறகே மேலே வந்தார். கீழேருந்து மேல வந்தவர் என்பது அப்போது எல்லோருக்கும் கண்ணுக்கு நேராக நிரூபணமானது.

"அப்பா, நீ நாற்காலியை இந்தப் பக்கம் பிடி. சார், சோபாவுல அந்த முனையைப் பிடிங்க" என்றாள் கொசு பொருளாளரிடம். ஃபைலைப் பிடித்தே பழகிய கை அது. ஆனால் அவள் சொன்ன தோரணையில், பிடித்த பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது. "மேடம், நீங்க பூவை எடுத்துக்குங்க. ஐயா, இந்தத் திரைக் கம்பியைக் கொஞ்சம் தோள்ல சாச்சுக்குங்க, ரெண்டு கடை தள்ளித்தான்."

"நானா?" என்றார் தலைவர்.

"தூக்கி விடுறதுதானே ஐயா உங்க வேலை."

சந்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் சோபாவின் ஒரு முனையோடு பொருளாளர், வாயில் கடைசி பிஸ்கட்; மறுமுனையில் கொசு. பின்னால் நாற்காலியை இழுத்துக்கொண்டு அப்பா. அடுத்தது பிளாஸ்டிக் பூவோடு அம்மையார். கடைசியில் தோளில் கம்பி சாத்திய தலைவர். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"யாரு, புதுசா ஆள் எடுத்திருக்கியா கொசு?" என்று கேட்டார் பழைய சாமான் கடைக்காரர். "அந்தக் குண்டு ஆளுக்கு மூச்சு வாங்குது, வேலைக்கு ஆகாது. ஏய், சோபாவை உரசாம வை!"

டெய்லர் அத்தை திரையைப் பிரித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். "டீ கொட்டலையே? நாளைக்குக் குடுக்கணும்." பிறகு கம்பி சுமந்து வந்தவரை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணே, பேன்ட் இடுப்புல ரொம்பப் பிடிக்குதே. தையலைப் பிரிச்சு விடட்டுமா?" என்று கேட்டாள்.

ஃபிரிட்ஜுக்கு இரண்டாம் நடை போக வேண்டியிருந்தது. பிளக்கைப் பிடுங்காமலே அதைத் தூக்கியதில் கதவு திறந்து உள்ளே விளக்கு எரிந்தது. அம்மையார் எட்டிப் பார்த்தார். ஒரு தட்டில் மடித்து வைத்த இரண்டு சேலை, இன்னொன்றில் கொசுவின் புத்தகங்கள். எலி எட்டாத இடம் என்று அம்மா அவசரத்துக்கு உள்ளே தள்ளியவை.

எல்லாம் போனபின் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியும் சுருட்டி வைத்த பாயும் ஸ்டவ்வும் மிஞ்சின. ஈரச் சுவரில் தரையிலிருந்து கை எட்டுகிற உயரம்வரை பென்சில் கணக்கு. அம்மையார் பரவசமாகிவிட்டார்.

"இதுதான்! இதுதான் படம்! அம்மா, நீங்க அந்தச் சுவர்ல சாஞ்சு, கொஞ்சம் அழுற மாதிரி..."

அம்மா இவ்வளவு நேரமும் மூலையில் கல்லாக நின்றிருந்தாள். இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எதுக்கு அழணும்? என் பொண்ணுக்கு இடம் கிடைச்சிருக்கு. உங்களுக்கு அழுகை வந்தா நீங்க அழுங்க, நான் எடுக்கிறேன்."

ஃபோன் தாழ்ந்தது.

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சரிம்மா, நிலைமை புரியுது. குழு கூடி முடிவெடுத்துத் தெரியப்படுத்துறோம். அடுத்த மாசம் கூட்டம் இருக்கு."

"திங்கட்கிழமை கடைசி நாள் ஐயா. குழுன்னா யார் யாரு?"

"நாங்க மூணு பேரும்தான்."

"மூணு பேரும் இங்கேயே இருக்கீங்களே."

"கூட்டம்னா அப்படி இல்லைம்மா. உட்கார்ந்து, தேநீர் அருந்தி, நிதானமா விவாதிச்சு..." தலைவர் பழக்கதோஷத்தில் உட்காரப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்தால் மறுபடி எழ முடியாது என்பது சற்று முன்புதான் தெரியவந்திருந்தது. அப்படியே நிமிர்ந்தார். முட்டி கடகடத்தது.

"நின்னுட்டே பேசுங்க ஐயா. சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றாள் கொசு. வாசலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். அப்பா இன்னொரு பக்கம் நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக, வெளியே போகிறவர்களுக்கு அவர் கதவைத் திறந்துவிடவில்லை.

அறக்கட்டளையின் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பொருளாளர் ஒரு கருத்துச் சொன்னார்.

"குடுத்துடலாம்."

"என்னது?" என்றார் தலைவர்.

"இடுப்பு போச்சு தலைவரே. குடுத்துட்டுக் கிளம்பலாம்."

அம்மையார் சுவரைப் பார்த்தார், கையில் தாழ்ந்திருந்த ஃபோனைப் பார்த்தார். "எனக்கும் சம்மதம்தான். ஆனா ஆண்டு விழா மேடையில ஏறி, நீ பட்ட கஷ்டத்தையெல்லாம் உருக்கமாப் பேசணும். எல்லாப் பிள்ளைங்களும் செய்வாங்க."

"மேடைக்கு வர்றேன்மா. பல்கலைக்கழகத்துல என்ன படிச்சேன்னு பேசுறேன். எங்க வீட்ல என்ன இல்லன்னு பேச மாட்டேன். அதைத்தான் நீங்களே சுமந்துட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தீங்களே."

தலைவர் அவளையே பார்த்தார். இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினால் நாளைக்கு அலுவலகத்துக்கு வருவாள், நாளன்றைக்கும் வருவாள் என்பது அவருக்கு எப்படியோ புரிந்துபோயிற்று. அலுவலகத்திலோ தூக்கிச் சுமக்க நிறைய நாற்காலிகள் இருந்தன.

"முதல் வருஷத்துக்கு மட்டும்" என்றார்.

"போதும் ஐயா. சேர்ந்ததுக்கு அப்புறம் நான் விடுதியில சேர்ந்தவ. மிச்சத்தை அங்க கேட்டு வாங்கிக்கிறேன். கேக்கச் சொல்லியிருக்காங்க."

காசோலை எழுத மேஜை இல்லை. எல்லோரும் சலூனுக்குப் போனார்கள். சீப்புகளையும் பவுடர் டப்பாவையும் ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் பலகையில் வைத்துப் பொருளாளர் எழுதினார், தலைவர் கையெழுத்துப் போட்டார். கொசு அவர் தோளுக்குப் பின்னால் நின்று பல்கலைக்கழகத்தின் பெயரையும் தொகையையும் சரிபார்த்தாள். பிறகு இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

"வந்ததே வந்தீங்க, ஒரு ஷேவிங் பண்ணிட்டுப் போலாமேங்க" என்றார் சலூன்காரர் தலைவரிடம். "இவருக்கு அப்புறம் நீங்கதான். ஆனா நின்னு காத்திருக்கணும்."

தலைவருக்கு நேரமில்லையாம்.

"அடுத்த வருஷமும் பார்க்க வருவோம்" என்று போகிற போக்கில் அம்மாவிடம் சொன்னார்.

"வாங்க. பாய் விரிச்சு வெக்கிறேன்" என்றாள் அம்மா.

கார் போன பிறகு அவள் வெறும் அறைக்குள் போய் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். கொசு வாசல்படியில் நின்றாள். திட்டு வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது.

"தெருவே பார்க்கிற மாதிரி பண்ணிட்டியே. மானம் மொத்தமும் போச்சுடி."

"போகலம்மா. இரவல் வாங்கினதைத்தான் திருப்பிக் குடுத்தோம். நம்மளோடது அப்படியே இருக்கு."

"அந்தக் காகிதத்தைக் கொண்டா இங்க" என்றாள் அம்மா. வாங்கி, மடங்கியிருந்த ஒரு மூலையை உள்ளங்கையால் நீவினாள். விரிப்பைத் தேய்க்கிற மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"பெட்டிக்குள்ள போட்டுடாத. உன் புத்தகத்துக்குள்ள வை" என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தி, "இல்ல, என்கிட்டயே இருக்கட்டும். திங்கட்கிழமை நானும் வர்றேன்" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடி குரல் வந்தது.

"கொசு! இங்க வாடி! அந்த மனுஷன் உக்காந்த கனத்துல நாற்காலி தரையோட போய் ஒட்டிக்கிச்சு. எனக்கு முதுகு வளையல. நீ வந்து மிதி!"

கொசு ஓடினாள். காய்ந்த நுரையோடு வாடிக்கையாளர் குழந்தை மாதிரித் தாழ்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு பம்பை மிதித்தாள். அது புஸ்ஸென்று சீறியது, அசையவில்லை. மறுபடி மிதித்தாள்.

"விடுடி, பழுதாப் போச்சு போல" என்றார் சலூன்காரர்.

"சும்மா இரு மாமா" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் மிதித்தாள்.